அப்பாவைப் பார்க்க நேரம் கேட்ட மகன்!

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் அப்பாவை அவருடைய ஆபீசில் வந்து பார்க்க வேண்டும் என்றான். அதற்கு ஒரு நேரம் குறித்துத் தரும்படி அவரிடமே கேட்டான்.

அந்த அப்பாவைத் தூக்கிவாரிப் போட்டது அந்தக் கேள்வி.

வெளியார்தான் இப்படி நேரம் கேட்டு வருவார்கள். பெற்ற பிள்ளையே கேட்கிறான்!

அவர் பெயர் வேன் ஓட்ஸ். அமெரிக்காவில் லூயிவில் நகரில் பேராசிரியராக இருந்தவர். பாதிரியாரும்கூட. மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வது எப்படி என்று மற்றப் பாதிரியார்களுக்குக் கற்றுக் கொடுத்து வந்தார். ஊராருக்கு ஒதுக்க அவரிடம் நேரம் இருந்தது!

ஓட்ஸ் தம்மையே ஆராய்ந்து பார்த்தார். குடிகாரனுக்கு மது எப்படியோ, அப்படித்தான் தமக்கு வேலை என்று கண்டார். குடிக்கு அடிமையானவரை ஆங்கிலத்தில் 'ஆல்கஹாலிக்' என்பார்கள். அதைப் போல 'ஒர்க்கஹாலிக்' என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். 1971-ம் ஆண்டில் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நம் வீடுகளில் 'வேலைப் பைத்தியம்' என்கிறோமே, அதுதான்.

பஞ்சாலைத் தாயின் மகன்

ஓட்ஸ் 1917-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் கைவிட்டுப் போய்விட்டார். தாயார் பஞ்சாலை வேலைக்குப் போனார். பாட்டியும் அக்காளும் வளர்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான்.

பசியை அறிந்தவருக்குச் சும்மா உட்காரப் பயம். வறுமை போன பிறகும் அந்தப் பயம் எளிதில் போவதில்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் கஞ்சிக்காக இரண்டு ஷிப்டு பார்க்கிறவருக்கு இந்தப் பெயரைச் சூட்டக்கூடாது. அவருக்குக் கூலி போதவில்லை, அவ்வளவுதான். போதிய வருமானம் இருந்தும் வேலையை விட்டு எழுந்திருக்க முடியாதவர்தான் இந்த நோயாளி.

எப்படிக் கண்டுபிடிப்பது?

லீவு நாளில் அவரைப் பாருங்கள். இருப்புக் கொள்ளாது. காரணம் இல்லாமல் எரிந்து விழுவார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். கண் செல்போனில் இருக்கும். மனைவி பேசினால் 'உம்' கொட்டுவார். என்ன சொன்னாள் என்று கேட்டால் விழிப்பார். கண்டித்தால் ஒளித்து வைத்து வேலை செய்வார், குடிகாரர் பாட்டிலை ஒளிப்பது போல! சண்டை போட்டும் பயன் இல்லை. சண்டைக்குப் பயந்தும் அவர் ஆபீசுக்குத்தான் ஓடுவார்.

குடிகாரரை ஊர் ஏசும். இவருக்கோ மாலை போடும், பிரமோஷன் கொடுக்கும். அதனால்தான் இந்த நோய் வெளியே தெரிய நாளாகிறது.

உடம்பு மட்டும் ஏமாறாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் நிறுவனமும் 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைக்கிறவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைக்கிறவர்களுக்குப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதம் அதிகமாம்!

விடுவது எப்படி?

குடியை அடியோடு விட்டுவிடலாம். வேலையை விட முடியுமா? நாளைக்கு அடுப்பு எரிய வேண்டுமே!

1983-ல் நியூயார்க்கில் இந்த நோய்க்கு ஆளான இருவர் ஒன்று சேர்ந்தார்கள். ஒருவர் கம்பெனி நிதித் திட்ட அதிகாரி; மற்றவர் பள்ளி ஆசிரியர். தங்களைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். "கூட்டத்துக்கு வர யாருக்கு நேரம் இருக்கும்?" என்று கேலி செய்தவர்களும் உண்டு.

அங்கே சொல்லித் தரும் முறை மிகவும் எளிது. புது வேலை ஒன்றை ஏற்றுக்கொண்டால், அதே அளவு நேரம் பிடிக்கும் பழைய வேலை ஒன்றைக் கைவிட வேண்டும். ஒரு வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று தோன்றினால், அதற்கு மேலேயே ஒதுக்க வேண்டும். விளையாட்டுக்கும் நேரம் உண்டு. கேட்கச் சுலபம்தான். பழக்கப்பட்டவருக்கு முதல் வாரமே கை நடுங்கும்.

ஓட்ஸ் 1999-ல் தமது 82-வது வயதில் காலமானார். அவர் எழுதிய புத்தகங்கள் 50-க்கு மேல். நோய்க்குப் பெயர் வைத்த பிறகும் அவர் பேனா ஓயவில்லை!