ஏழு பேர், ஒரு பிளக் பாயிண்ட்

திருச்சியில் தென்னூர், தில்லைநகர் பக்கம் கூட்டுக் குடும்பமாக வாழும் வீடுகளில் மின்சாரக் கார் பேச்சு எழுந்தால், "ஒரே சார்ஜில் சென்னை போய்ச் சேருமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான், ஆனால் இரண்டாவதாக. ராத்திரி வண்டி எங்கே நிற்கும், அந்த இடத்துக்கு நம் வீட்டு மீட்டரிலிருந்து ஒயர் வருமா என்பது அதற்கு முந்திய கேள்வி. மின்சாரத்தில் ஏழு சீட் வண்டி கிடைக்காத காலம் போய்விட்டது. 2024 அக்டோபரில் பிஒய்டி இமேக்ஸ் 7, 2025 ஜூலையில் கியா கேரன்ஸ் கிளாவிஸ் இவி, நவம்பரில் மஹிந்திரா எக்ஸ்இவி 9எஸ் என்று வரிசையாக வந்துவிட்டன. கியா வந்தபோது அதன் ஆரம்ப விலை 17.99 லட்சம்.

வீட்டு மின்சாரத்தில் ஓட்டினால் என்ன மிச்சம்? மோசமான கணக்கையே போடுவோம். இரண்டு மூன்று ஏசி ஓடும் பெரிய வீட்டில் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் ஏற்கெனவே தாண்டியிருக்கும். 2024 ஜூலைக் கட்டணப்படி அதற்கு மேல் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. நூறு கிலோமீட்டருக்குச் சுமார் 17 யூனிட் என்றால் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் வண்டிக்கு 8 ரூபாய்க்கு மேல் ஆகும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிற வீட்டுக்கு வருஷத்தில் 72,000 ரூபாய் மிச்சம். விலையில் கூடுதலாகக் கொடுப்பது 5 லட்சம் என்றால் ஏழு வருஷத்தில் கழிந்துவிடும். பேட்டரிக்கு 8 வருஷ வாரண்டி இருப்பதால் அந்தக் கவலையும் இதற்குள் அடக்கம். சமயபுரத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் வண்டி எடுக்கிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. அவர்களுக்கு வாடகை இன்னோவாவே மேல்.

ஸ்ரீரங்கத்தில் சிக்கல் வேறு மாதிரி. உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகள் பலவற்றில் போர்ட்டிகோ கிடையாது. திண்ணையைத் தாண்டினால் தெரு. வண்டி தெருவில்தான் நிற்கும், தேர் ஓடும் நாளில் அதுவும் முடியாது. ஜன்னல் வழியே ஒயரை இழுத்து நடைபாதையில் போடுவது ஆபத்து. வெளியே வேகச் சார்ஜரில் யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டிக் கொடுத்தால் மிச்சம் கரையும், வாரத்தில் இரண்டு மாலை நேரமும் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

சென்னைக்கு வருவோம். திருச்சியிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். கியாவின் பெரிய பேட்டரிக்கு 490 என்று கம்பெனி சொல்கிறது. ஏழு பேர், பெட்டிகள், மே மாத வெயில், ஓயாத ஏசி எல்லாம் சேர்ந்தால் கால் பங்கைக் கழித்துவிடுவது நல்லது. விக்கிரவாண்டியில் எப்படியும் காபிக்கு நிற்போம். முக்கால் மணி நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டால் ஆயிற்று. எனக்குத் தூரத்தைவிடக் கடைசி வரிசைதான் உறுத்துகிறது. பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் தளம் உயர்ந்து, அங்கே உட்காருபவரின் முழங்கால் மார்பை நோக்கி எழும்பும். நடுச் சீட்டை மடக்கி, குனிந்து, நுழைந்துதான் ஏற வேண்டும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு, முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு அல்ல. பின் சீட்டை நிமிர்த்தினால் டிக்கியில் இரண்டு பெட்டிதான்.

ஆகவே ஷோரூமுக்கு முன் ஈபி ஆபீசுக்குப் போங்கள். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட், சிங்கிள் பேஸா த்ரீ பேஸா என்று கேளுங்கள். பதினைந்து ஆம்பியர் பிளக்கில் ஒரு ராத்திரி போட்டால் சுமார் 30 யூனிட் ஏறும், 170 கிலோமீட்டருக்குத் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பளுவைக் கூட்ட விண்ணப்பம் கொடுத்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கட்டுங்கள். டெஸ்ட் டிரைவுக்குப் பாட்டியையும் கூட்டிப் போங்கள்.