உறங்கவைப்பது எளிது, எழுப்புவதுதான் வேலை

யூ.எஸ்.பி. இணைப்பில் 3 மில்லி விநாடிக்கு எந்தச் சலனமும் இல்லையென்றால், அதில் செருகியிருக்கும் சாதனம் உறக்கத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. விழித்திருக்கும்போது 500 மில்லி ஆம்பியர் வரை மின்சாரம் கேட்டுப் பெறக்கூடிய யூ.எஸ்.பி. 2.0 சாதனம், உறங்கும்போது 2.5 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிட வேண்டும். இருநூறில் ஒரு பங்கு! லேப்டாப் பேட்டரி மாலைவரை தாக்குப்பிடிப்பதில் இத்தகைய குட்டி உறக்கங்களுக்குப் பங்கு உண்டு. எந்தச் சாதனம், எப்போது, எந்த அளவுக்கு உறங்கலாம் என்பதைக் கவனித்துக்கொள்வது டிவைஸ் டிரைவர். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் மென்பொருள் அது.

தொடக்கத்தில் இந்தப் பொறுப்பு, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸிடம் இருந்தது. பயனர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது பயாஸுக்குச் சரியாகத் தெரியாது. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்ற தரநிலை, முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் கொடுத்தது. அதன்படி சாதனங்களுக்கு டி0 முதல் டி3 வரை மின்நிலைகள். டி0 முழு விழிப்பு. டி1, டி2 இடைநிலைகள். பல சாதனங்கள் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. டி3-இல்தான் இரண்டு வகை. ‘ஹாட்’ என்றால் சாதனம் ஓய்ந்திருக்கிறது, ஆனால் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது. ‘கோல்ட்’ என்றால் மின்சாரமே துண்டிக்கப்பட்டுவிட்டது.

டிரைவர் எழுதுபவரின் திறமை தெரிவது இங்கேதான். மின்சாரம் போனால் சாதனத்தின் ரெஜிஸ்டர்கள் எனும் சிறு நினைவிடங்களில் இருந்தவை அழிந்துவிடும். வைஃபை அட்டையென்றால், அதற்குள் ஏற்றி வைத்த ஃபர்ம்வேர் எனும் உள்மென்பொருளும் பெரும்பாலும் போய்விடும். இவற்றை முன்கூட்டியே சேமித்து வைக்க வேண்டும், அல்லது விழித்ததும் முதலிலிருந்து கட்டியெழுப்பத் தெரிந்திருக்க வேண்டும். அவசரப்படவும் கூடாது. டி3 ஹாட்டிலிருந்து டி0-க்குத் திரும்பும் பி.சி.ஐ. சாதனத்தை 10 மில்லி விநாடி தொடாமல் விட்டுவைக்கச் சொல்கிறது, கணினிக்குள் அட்டைகளை இணைக்கும் பி.சி.ஐ. முறையின் தரநிலை. பதில் சொல்லும் நிலையில் இல்லாத சாதனத்தின் ரெஜிஸ்டரைப் படித்தால், எல்லா பிட்டுகளும் 1 ஆக இருக்கும் ஓர் எண் வந்து நிற்கும். அதை உண்மையான பதில் என்று நம்பிய டிரைவர், உறங்கும் சாதனம் தன்னைக் கூப்பிட்டதாக எண்ணி வராத வேலையைச் செய்யத் தொடங்கும். இன்டரப்ட் எனும் ஒரே அழைப்புச் சமிக்ஞையைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது உண்மையாகவே நடக்கும் கோளாறு.

வரிசையும் முக்கியம். வெப் கேமரா யூ.எஸ்.பி. ஹப்பில் தொங்குகிறது, ஹப், கன்ட்ரோலரில். கேமரா உறங்கிய பிறகுதான் ஹப் உறங்கலாம், அதன் பிறகே கன்ட்ரோலர். எழும்போது நேர் எதிர்வரிசை. லினக்ஸில், கணினி இயங்கும்போதே சாதனங்களை இப்படி உறங்கவைத்து எழுப்புவதற்கான பொதுக் கட்டமைப்பை ரஃபேல் விசாக்கி உருவாக்கினார். 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில் அது சேர்ந்தது. அதன் உயிர்நாடி ஓர் எண்ணிக்கை. சாதனம் தேவைப்படும்போது ஒன்று கூட்ட வேண்டும், வேலை முடிந்ததும் ஒன்று கழிக்க வேண்டும். சுழிக்கு வந்தால் உறங்கலாம். கூடத்தை விட்டுக் கடைசியாகப் போகிறவர் மின்விசிறியை நிறுத்துவது மாதிரி.

கழிக்க மறந்தால்? எந்தப் பிழைச் செய்தியும் வராது. கேமரா நன்றாகவே படம் எடுக்கும், பேட்டரி மட்டும் கரையும். அதனாலேயே இது பிடிபடாமல் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கிறது. சாதனத்தை எழுப்பும் லினக்ஸ் ஃபங்ஷன் ஒன்று, எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணிக்கையைக் கூட்டிவிடும். தோல்விதானே என்று பல டிரைவர்கள் கழிக்காமல் திரும்பிவிட்டன. தோற்றால் தானே கழித்துக்கொள்ளும் புதிய ஃபங்ஷன் 2020-இல்தான் வந்தது. ஃபங்ஷனின் வடிவமே தவறுக்கு வழி திறந்து வைத்திருந்த இடத்தில், டிரைவர் எழுதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது.

2 விநாடி சும்மா இருக்கும் யூ.எஸ்.பி. சாதனத்தை உறங்கவைக்கும் வசதி லினக்ஸில் உண்டு. ஆனால் ஹப்புகள் தவிர்த்த பெரும்பாலான சாதனங்களுக்கு அது இயல்பாக இயங்காதபடி வைத்திருக்கிறார்கள். காரணம், உறங்கிய பின் ஒழுங்காக எழாத சாதனங்கள் சந்தையில் ஏராளம். இந்த எச்சரிக்கை சரியானதே. சற்றே மின்சாரத்தை மிச்சப்படுத்தி, கீபோர்டைச் செயலிழக்க வைப்பதில் யாருக்கும் லாபமில்லை. விழித்திருக்கும் நிலையை மட்டும் சோதித்துவிட்டுப் பொருளைக் கடைக்கு அனுப்பும் தயாரிப்பாளர்கள்தான் திருந்த வேண்டும்.

அதற்கான அவசரம் இப்போது கூடியிருக்கிறது. கணினி முழுவதையும் உறங்கவைக்கும் எஸ்3 என்ற பழைய முறையில் மெமரியைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மின்சாரம் ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. டிரைவரின் சோம்பலை அது மூடி மறைத்தது. 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்து, இன்று மாடர்ன் ஸ்டாண்ட்பை எனப்படும் முறையில் அப்படியில்லை. சாதனங்கள் ஒவ்வொன்றாக அடங்கினால்தான் சிப் முழுவதும் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். ஒரே ஒரு டிரைவர் தன் சாதனத்தை டி0-இல் பிடித்து வைத்திருந்தாலும் மற்றவற்றின் உறக்கம் வீண். மூடிப் பைக்குள் வைத்த லேப்டாப் சூடாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படிச் சூடானால், குற்றவாளியைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மாடர்ன் ஸ்டாண்ட்பை உள்ள விண்டோஸ் கணினியில் ‘ஸ்லீப் ஸ்டடி’ அறிக்கையை எடுத்தால், உறக்கத்தைக் கெடுத்த சாதனத்தின் பெயர் அதில் இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்டெல் 2007-இல் வெளியிட்ட ‘பவர்டாப்’ இருக்கிறது. பெயர் தெரிந்தபின் அந்தச் சாதனத்தின் டிரைவரை மட்டும் புதுப்பித்துப் பார்க்கலாம்; வெளியே செருகியதென்றால் கழற்றிவிட்டு ஓர் இரவு சோதிக்கலாம்.