சூத்திரமும் சொத்துரிமையும்

விரிதாள் மென்பொருளின் சூத்திர மொழி பற்றிய மாநாட்டு அமர்வுகள், பெரும்பாலும் சார்புகளை அடுக்கிக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நீதிமன்றங்கள் நிறைந்த புதுக்கடையில் சட்டத்தரணிகளுக்காக இத்தகைய அமர்வொன்றைத் திட்டமிடுவோர், ஒரேயொரு கணக்கை மையமாகக் கொள்வதே சாலச் சிறந்தது என்பது நமது கருத்தாகும்.

உயில் எழுதாது இறந்த முஸ்லிம் ஒருவரின் சொத்துப் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டமே இங்கு ஏற்புடையது. கடன் முதலியன நீங்கலாக 24 இலட்சம் ரூபா எஞ்சியுள்ளது. மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டுமே உரிமையாளர் எனின், மனைவிக்கு 3 இலட்சம், மகனுக்கு 14 இலட்சம், மகளுக்கு 7 இலட்சம் சேரும். பிள்ளைகள் இல்லையெனில் மனைவியின் எட்டிலொரு பங்கு நாலிலொன்றாக உயரும்.

எக்செல் மென்பொருளின் 'இஃப்' சார்பு இத்தகைய நிபந்தனைக்கென்றே அமைந்தது. அதனை விடுத்து எட்டிலொன்றை மாத்திரம் பதித்துவிட்டால், பிள்ளையற்ற விதவை 3 இலட்சம் ரூபாவை இழப்பார். கணினியோ பிழையென்று எச்சரிக்காது.

ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன்னர், அல்குவாரிஸ்மி தமது அல்ஜீப்ரா நூலில் மரபுரிமைக் கணக்குகளுக்கு விரிவான இடமளித்தார். 'அல்கோரிதம்' என்னும் சொல்லும் அவரது பெயரிலிருந்தே பிறந்தது. ஆகவே, அமர்வின் பாதி நேரத்தைச் சூத்திரம் எழுதவும், மறுபாதியைக் கையால் கணித்த விடையோடு ஒப்பிட்டுச் சோதிக்கவும் வளவாளர்கள் ஒதுக்குதல் வேண்டும்.