பதினாறு அடியும் ஒரு முழமும்

பாட்டு முழுக்க டிரம்மர் திரும்பத் திரும்ப வாசிக்கும் தாளக்கட்டுக்குப் பெயர் க்ரூவ். ஒரு வரி முடிந்து அடுத்தது தொடங்குமுன் அந்தக் கட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பும் உருட்டல்தான் ஃபில். ராக் இசையில் இந்த இரண்டும் சேரும் எளிய வடிவத்தில் முதல் மூன்று பார் (பார் ஒன்றுக்கு நான்கு தாள அடி) க்ரூவ்: வலது கை ஹை-ஹேட்டில் எட்டு அடி, 1, 3-ஆம் தாள அடிகளில் கிக், 2, 4-இல் ஸ்னேர். நான்காவது பார் ஃபில்: ஸ்னேரில் நான்கு, இரண்டு டாம்களில் நான்கு நான்கு, ஃப்ளோர் டாமில் நான்கு. பதினாறும் முடிந்ததும் அடுத்த பாரின் ஒன்றில் கிக்கும் கிராஷ் சிம்பலும் ஒருசேர விழ வேண்டும். கற்றுக்கொள்பவரிடம் அது பெரும்பாலும் முந்திக்கொண்டு விழுந்துவிடும்.

நிமிடத்துக்கு 100 என்ற வேகத்தில் ஒரு தாள அடிக்கு 600 மில்லிவிநாடி; ஃபில்லில் அடிக்கு அடி 150. ஒவ்வோர் இடைவெளியிலும் 5 மில்லிவிநாடி குறைந்தால் யார் காதிலும் உறுத்தாது. பதினாறும் சேர்ந்தால் 80. கிராஷ் விழும் இடம் பாதி இடைவெளிக்கும் மேல் முன்னே வந்துவிடுகிறது.

இந்தப் பிசகு எங்கே பிறக்கிறது என்பதற்கு 1973-இல் ஆலன் விங், ஆல்ஃபிரட் கிரிஸ்டோஃபர்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். உள்ளே ஒரு கடிகாரம் ‘இப்போது அடி’ என்று கட்டளை போடுகிறது. நரம்பும் தசையும் அதை நிறைவேற்றச் சிறிது நேரம் எடுக்கின்றன. இரண்டு இடத்திலும் பிசகு உண்டு. இரண்டும் நடந்துகொள்ளும் விதம்தான் வேறு.

பூக்காரரிடம் பதினாறு முழம் மல்லிகை கேட்டால், முழங்கையால் அளந்து குறி வைத்துக்கொண்டே போய், பிறகு நறுக்குகிறார் என்று கொள்வோம். கத்தரி குறியைவிட்டுத் தள்ளி விழுந்தால் ஒரு துண்டு நீளும், அடுத்தது அதே அளவு குறையும். மொத்தச் சரத்துக்குச் சேதமில்லை. கைப்பிசகு இந்த ரகம். முழமே குட்டையாக இருந்தாலோ, குறை பதினாறு முறையும் சேர்ந்துகொண்டே போகும். அது கடிகாரப் பிசகு. முகூர்த்த நாளில் விலை ஏற ஏற முழம் குறுகுவது ஊரறிந்த விஷயம். டிரம்மருக்கு ஃபில் வரும் பார்தான் முகூர்த்த நாள். பேஸ் கிட்டார்காரர், வீட்டில் அளந்து பார்த்துவிட்டுச் சண்டைக்கு வரும் வாடிக்கையாளர். சீரான வேகத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும் மெட்ரோனோம், எடையளவுத் துறை முத்திரை குத்திய மீட்டர் கோல்.

நீண்ட இடைவெளியை அடுத்துக் குறுகியது வரும் போக்கு விரல் தட்டல் பதிவுகளில் தெரிகிறது. அதை வைத்தே கத்தரியின் பங்கையும் முழத்தின் பங்கையும் தனித்தனியே கணக்கிட முடிகிறது.

வரலாறு வேண்டுவோருக்கு: மேல்சல் மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்றது 1815-இல். 1886-இல் ஸ்டீவன்ஸ் என்பவர் மெட்ரோனோமோடு தட்டச் சொல்லி, அதை நிறுத்தியபின்னும் தொடரச் சொல்லி ஆராய்ந்தார். ஆய்வுக்கூடங்கள் இன்றும் செய்வது ஏறக்குறைய அதையேதான்.

ஃபில்லும் அப்படியொரு சோதனையே. க்ரூவில் ஹை-ஹேட் ஓயாமல் காலத்தைக் கூறு போட்டுக்கொண்டிருக்கும். ஃபில் தொடங்கியதும் அந்த ஒலி நின்றுபோகிறது. எட்டாக இருந்த கூறு பதினாறாகிறது. ஒரே இடத்தில் அசைந்த கை, டாம் டாமாகத் தாவுகிறது. அளவுகோலை எடுத்துவிட்டு அளவையும் மாற்றினால் முழம் குறுகாமல் என்ன செய்யும்?

மெதுவாக வாசித்தால் எல்லாம் சரியாகும் என்பது பாதி உண்மை. கைக்கு அது எளிது, கடிகாரத்துக்குக் கடினம். இடைவெளி நீள நீளக் கடிகாரப் பிசகு வளர்கிறது. கைப்பிசகு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. 60 வேகத்தில் ஓர் அடி முழுதாக ஒரு விநாடி. ‘தகதிமி’ என்றோ ‘ஒன்-இ-அண்ட்-அ’ என்றோ வாய்விட்டுச் சொன்னால் அளக்க வேண்டியது கால் விநாடியாகச் சுருங்கும். க்ரூவ் வாசிக்கும்போதே சொல்லத் தொடங்கிவிட வேண்டும். ஃபில்லுக்கென்று புது முழம் தேவைப்படாது.

பயிற்சியும் படிப்படியாகத்தான் போகிறது. முதலில் நான்காவது தாள அடியில் மட்டும் ஃபில்லின் நான்கு தட்டல், பிறகு கடைசி இரண்டு தாள அடிகள், அதன்பின் முழு பார். இடது கால் ஹை-ஹேட் மிதியைத் தாள அடிதோறும் மிதித்துக்கொண்டிருந்தால் அளவுகோல் முற்றிலும் மறையாது. அடுத்த கட்டமாக மெட்ரோனோமை ஒரு பார் ஒலிக்கவும் ஒரு பார் மௌனமாகவும் வைத்து, மௌனத்தில் ஃபில்லை வாசிக்க வேண்டும்.

தாளம் ரத்தத்தில் ஊறியிருக்க வேண்டும் என்ற பேச்சுக்கும், முப்பது நாளில் டிரம்மராக்கும் செயலிகளுக்கும் இதில் வேலையில்லை. கைதேர்ந்தவரிடமும் இரு பிசகும் உண்டு, அளவில் சிறியவையாக. வாசித்ததைக் கைபேசியில் பதிவுசெய்து கேட்டால் கிராஷ் முந்துகிறதா என்பது தெரிந்துவிடும். முந்தாதவரை வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முந்தினால் குறைத்துவிட்டு மறுபடி ‘தகதிமி’யிலிருந்து தொடங்கலாம்.