கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு உப்பு நீர் போதும்

காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் பார்மா தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்து 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். கலப்படம் இல்லாதிருந்தாலும் அது கைக்குழந்தைக்குரிய மருந்தல்ல. அதிலிருந்த குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழ் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டிருந்தது. 2 வயது நிரம்பாத குழந்தைக்குச் சளி, இருமல் மருந்தே கூடாது என 2025 அக்டோபரில் மத்திய அரசு மீண்டும் அறிவுறுத்தியது.

மருந்து இல்லாமல் என்ன செய்வது? முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். துளையோ மிகச் சிறியது. கொஞ்சம் சளி கட்டினாலும் பால் குடிக்கத் திணறும். ஆகவே தேவைப்படுவது வழியைத் திறப்பது மட்டுமே. மருந்துக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 0.9 சதவீத உப்பு நீர்ச் சொட்டு மருந்தை, பால் கொடுப்பதற்குச் சற்று முன், குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒவ்வொரு துளையிலும் இரண்டு சொட்டு விடலாம். ஓரிரு நிமிடத்தில் சளி இளகும். வெளியே வருவதை மெல்லிய துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். வராவிட்டால் ரப்பர் உறிஞ்சியை முதலில் அமுக்கிக்கொண்டு, நுனியை மட்டும் துளை வாயில் வைத்து மெல்ல விட வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்சினால் உள்சவ்வு புண்ணாகி வீங்கும். அடைப்பு இன்னும் கூடும்.

"எண்ணெய் விட்டு, ஊதித்தானே தலைமுறை தலைமுறையாய் வளர்த்தோம்?" என்று பெரியவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பெரும்பாலான சளி ஒரு வாரம், பத்து நாளில் தானே வடிந்துவிடுவதால், செய்த வைத்தியத்துக்கு அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய், இருமலைக்கூடக் கிளப்பாமல் நுரையீரலுக்குள் இறங்கி எண்ணெய் நிமோனியாவை உண்டாக்கலாம். வாயால் ஊதினால் பெரியவரின் கிருமி குழந்தைக்குப் போகும். சாம்பிராணிப் புகை மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கற்பூரத் தைலம் வலிப்பையே வரவழைக்கலாம். உப்பு நீரும் சளியைக் குணப்படுத்துவதில்லை என்பது உண்மை. உடல் தானே தேறும்வரை பாலும் தூக்கமும் தடைப்படாமல் பார்த்துக்கொள்கிறது. கைக்குழந்தைக்கு வேண்டியது அந்த அவகாசம்தான். சிரப் கொடுத்தால் தூங்குகிறதே என்றால், அது மருந்தின் மயக்கம்; நோய் தணிந்ததன் அடையாளமல்ல.

வீட்டுக் கவனிப்புக்கும் எல்லை உண்டு. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 முறையோ அதற்கு மேலோ, 2 மாதம் முதல் ஒரு வயது வரையான குழந்தை 50 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், 3 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உதடு நீலம் பாரித்தால் 108ஐ அழைக்க வேண்டும். இந்த அறிகுறிகள் இல்லாதவரை, குழந்தையின் மூக்குக்கு உப்பு நீரைத் தவிர எதையும் விடாதீர்கள். சளிக்கென்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.