கையும் கருத்தும்

எட்டியாந்தோட்டைப் பகுதியிலே மழை ஒரு பருவமன்று, அன்றாட விருந்தாளி. களனி கங்கையின் கிளையாறுகள் பாயும் அம்மலைச்சரிவுகளில் இறப்பரும் தேயிலையும் அடுத்தடுத்து வளர்கின்றன. கத்தோலிக்க மிஷனார் முன்னொரு காலத்தில் அங்கே தொடக்கிய ஆரம்பப் பாடசாலை ஒன்றில் யான் சில ஆண்டுகள் தமிழாசிரியனாய் இருந்தேன். 1960ஆம், 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசின் வசமானபோது அதுவும் அரசினர் பாடசாலையாயிற்று. ஆயினும் முற்றத்திலே புனித சூசையப்பரின் சுரூபம் தச்சுக் கருவியுடன் இன்றும் நிற்கிறது. உழைப்பாளரான சூசையப்பருக்கென மே முதலாம் நாளைத் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் வகுத்தது 1955இல். அச்சுரூபத்தை நாள்தோறும் கடந்து சென்றேனேயன்றி, அதன் கையில் இருந்த கருவியைப் பற்றி நெடுங்காலம் யான் சிந்தித்ததில்லை.

இலக்கணத்திலே தோய்ந்த எனக்குக் கைவேலை ஒரு பாடமாகவே தோன்றவில்லை. 1999 முதல் நாடெங்கும் ஆரம்ப வகுப்புகளில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ இடம்பெற்றன. செய்து கற்பதற்கென ஒதுக்கிய அந்த நேரத்தையும் யான் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பயிற்சிக்கே செலவிட்டு வந்தேன். இதனை மறைப்பதில் பயனில்லை. என்னைப் போன்றார் பலர் இன்றும் உளர்.

ஒருமுறை அப்பாடத்தைக் கற்பித்த ஆசிரியை நீண்ட விடுப்பிற் செல்லவே, ஐந்தாம் தரம் முழுவதும் என் பொறுப்பாயிற்று. அவர் தொடங்கிவைத்த வேலையொன்று பாதியில் நின்றது. கூரையிலிருந்து விழும் மழைநீரை மூங்கிற் பீலி வழியே கொணர்ந்து, பிள்ளைகள் கை கழுவும் பீப்பாயை நிரப்புவதே அது. யான் மனமின்றியே அதனைத் தொடர்ந்தேன்.

இரண்டாம் நாள் ஒரு தாய் வாயிலில் வந்து நின்றார். இறப்பர் மலையிலே பால் வெட்டுபவர். கையில் கறை காயவில்லை. “சார், நாங்க கத்தி பிடிச்சது போதும். எம் பிள்ளை கையில பேனா இருக்கட்டும்” என்றார். அவர் குரலிற் சினமில்லை, அச்சமே இருந்தது. யான் விடையறியாது நின்றேன்.

அவ்வச்சம் காரணமற்றதன்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வசதி செய்யும் கடமையைத் தோட்டத்துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கும் கைகள் குறையலாகாது என்று கருதியோரிடமே கல்வியை ஒப்படைத்தால் விளைவு எதுவாகும்? 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளுக்கோ அதன் நிழல்தானும் உரியபடி கிட்டவில்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பள்ளிகள் படிப்படியாகத் தேசியக் கல்வியோடு இணைந்தன. எழுத்துக்காக இத்தனை காலம் காத்திருந்த குடியினரிடம் “உன் பிள்ளை கைவேலை கற்கட்டும்” என்று கூறுதல், திறந்த கதவை மீண்டும் சாத்துவதாகவே படும். காந்தியடிகள் 1937இல் வார்தாவிலே கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். 1972இல் நம் நாட்டுச் சீர்திருத்தமும் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, சில ஆண்டுகளிலே கைவிட்டது. இரண்டின் வழியிலும் இவ்வையமே குறுக்கே நின்றது.

ஆயின், கைவேலை வேறு, வடிவமைப்பு வேறு. பிறர் வகுத்த வேலையைக் கையாற் செய்வது முன்னையது. இடர் யாதெனக் கண்டு, வழிகளை எண்ணி, வரைந்து, செய்து பார்த்து, பிழை கண்டு திருத்துவது பின்னையது. பின்லாந்து 1866இலேயே சிக்னேயஸ் என்னும் அறிஞரின் முயற்சியால் கைப்பணியைப் பொதுப் பள்ளியிற் கட்டாய பாடமாக்கியது. தொழிலாளரை உருவாக்குதல் அதன் நோக்கமன்று. கண்ணும் கையும் கருத்தும் ஒருங்கே வளர்தலே நோக்கம். இங்கிலாந்து 1990இல் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று பெயரிட்டு ஐந்து வயதுச் சிறுவர்க்கும் அதனை வைத்தது. நமக்கும் இது புதிதன்று. வள்ளுவர் ‘வினைசெயல்வகை’ என ஓரதிகாரமே வகுத்து, கைப்பொருள், கருவி, காலம், செயல், இடம் என்னும் ஐந்தையும் மயக்கமற எண்ணிச் செய்யுமாறு பணித்தார். அவ்வதிகாரத்தைப் பலமுறை பதவுரையோடு கற்பித்த யான், அதனைச் செய்து காட்டும் பாடத்தைத் தள்ளிவைத்தேன் என்பது நகைப்புக்குரியதன்றோ?

பிள்ளைகளின் மூங்கிற் பீலி முதல் மழையிலேயே தோற்றது. மட்டமாகக் கட்டியதால் நீர் நடுவிலே தேங்கி இருபுறமும் வழிந்தது. மறுநாள் அளவுமீறிச் சாய்த்தனர். நீர் பாய்ந்து பீப்பாயைத் தாண்டி முற்றத்தில் விழுந்தது. அப்பொழுது அத்தாயின் மகள் மெல்லிய குரலில், “அம்மா மரத்துல சாய்வாத்தான் சார் வெட்டும்; அது வழியாது” என்றாள். வகுப்பு திரும்பிப் பார்த்தது. யானும் பார்த்தேன்.

அடுத்த வாரம் அத்தாயை வகுப்புக்கு அழைத்தேன். தயங்கியே வந்தார். ஒரு மரத்துண்டிலே வெட்டின் வரையை அவர் கரியாற் கீறிக் காட்டினார். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்த சரிவு; பாகைமானியை வைத்துப் பார்த்தோம், ஏறக்குறைய 30 பாகை. “சாய்வு குறைஞ்சா பால் வழிஞ்சிரும், கூடினா பட்டை வீணாயிரும். ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம்” என்றார். பட்டையிலே பால் ஓடும் நுண்குழாய்கள் சிறிது சரிந்து அமைந்துள்ளமையால், இத்திசையில் வெட்டும்போதே அவை மிகுதியாக அறுபட்டுப் பால் பெருகும் என்று தாவர நூலார் கூறுவர். நூலார் கூறும் நுட்பத்தை அவர் கை ஆண்டாண்டாய் அறிந்திருந்தது.

பிள்ளைகள் அவர் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அதுவே என்னை மகிழ்வித்தது. மரத்துக்கு ஏற்ற சரிவு பீலிக்கு ஏற்குமா என்று ஐயுற்றனர். பீலியின் ஒரு முனையைக் கல் அடுக்கி உயர்த்தி, ஒவ்வோர் உயரத்திலும் ஒரே அளவு நீர் வார்த்து, சிந்தியதை அளந்து குறித்தனர். மிகக் குறைந்த சரிவே போதுமென்று தாமே கண்டனர். அன்று மாலை பெய்த மழையிலே பீப்பாய் நிரம்பியது.

அத்தாய் இன்னொரு நாள் வந்து, “இந்தப் பாடத்துக்குப் பேர் என்ன சார்?” என்று கேட்டார். சொன்னேன். சற்றே எண்ணிப் பார்த்தவர், “அப்ப நல்லது. ஆனா சோதினையை விட்டுறாதீங்க” என்றார். யான் அதனை ஏற்றேன். அவர் கேட்டது நியாயம். எழுத்தைப் பறித்துக்கொண்டு கருவியைக் கொடுத்தல் கல்வியாகாது.

2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழில்நுட்பப் பிரிவு தனியே உண்டு. அவ்வாயிலை நம் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைகள் எட்ட வேண்டுமாயின், பதினாறு வயதில் அதனைத் தொடங்க இயலாது. சிரட்டையும் மூங்கிலும் கமுகம் பாளையும் களிமண்ணும் நம்மைச் சூழக் கிடக்கின்றன. அதற்கான பாடவேளையும் அட்டவணையில் உண்டு. ஆசிரிய அன்பர்கள் அவ்வேளையைப் பரீட்சைக்குத் தாரை வார்க்காமல் காத்தல் வேண்டும். அதனை முதலிற் கவர்ந்தவன் யானே என்பதால் இதைச் சொல்லும் கடப்பாடு எனக்குண்டு.

பேனா பிடித்த அச்சிறுமி அன்று தன் குறிப்பேட்டிலே பீலியின் படத்தை வரைந்து, அதன்கீழ் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘சாய்வை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் என் அம்மா.’ தமிழ்ப் பிழை திருத்தச் சிவப்பு மையை எடுத்த யான், திருத்த ஒன்றும் காணாது மூடிவைத்தேன்.