நடையைத் திருப்பித் தரும் குழாய்

மறதி நோய் என்றாலே மீட்சி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். நரம்புச் செல்களே அழியும் அல்சைமரில் அது பெரும்பாலும் உண்மை. ஆனால் மூளைக்குள் இருக்கும் நீரறைகள் வீங்கி, சுற்றியுள்ள நரம்பிழைகளைப் பாதிப்பதால் வரும் மறதியும் உண்டு. கொலம்பியாவின் சலோமோன் ஹகீமும் அமெரிக்காவின் ரேமண்ட் ஆடம்ஸும் 1965இல் இதை மருத்துவ உலகுக்கு விளக்கினார்கள். இதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது.

பெரும்பாலும் முதலில் கெடுவது நடை. பாதத்தைத் தரையில் பசை போட்டு ஒட்டியதுபோல, தூக்கி வைக்க முடியாமல் தேய்த்து நடப்பார்கள். சிறுநீரை அடக்க முடியாது, யோசனை மந்தமாகும். வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுவதில்தான் காலம் வீணாகிறது.

அடுத்தது ஸ்கேன். அதை மட்டும் நம்ப முடியாது. அல்சைமரில் மூளை சுருங்கினாலும் நீரறைகள் பெரிதாகவே தெரியும். அதனால் நோயாளியை நடக்கவிட்டு நேரம் குறிக்கிறார்கள். பிறகு முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மி.லி. வரை மூளைத் தண்டுவட நீரை எடுத்து, மறுபடி நடக்கச் சொல்கிறார்கள். நடை தேறினால் அறுவை பலன் தரும் என்று நம்பலாம். தேறாவிட்டாலும் வாய்ப்பு போய்விட்டதாக அர்த்தமில்லை. சில நாள் குழாய் வைத்து வடித்துப் பார்ப்பதும் உண்டு.

அறுவையில், மண்டையோட்டில் சிறு துளையிட்டு மெல்லிய குழாயை நீரறைக்குள் செலுத்துகிறார்கள். தோலுக்கடியில் ஒரு வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியே தோலுக்கடியிலேயே இன்னொரு குழாய் வயிற்றுக்குள் போகிறது. வடியும் நீரை உடல் அங்கே உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் ஷன்ட்.

உண்மையான நுட்பம் வால்வில்தான். நீர் அதிகமாக வடிந்தால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியக்கூடும், குறைந்தால் பயனில்லை. இப்போதைய வால்வுகள் பலவற்றைக் கத்தி படாமல், வெளியிலிருந்தே காந்தக் கருவியால் திருத்தலாம். எம்ஆர்ஐ எடுத்தால் சில வால்வுகளில் வைத்த அளவு மாறக்கூடும். எடுத்தபின் சரிபார்க்கச் சொல்லுங்கள். தொற்றும் அடைப்பும் வரலாம்.

2025இல் வெளியான ஆய்வில் 99 பேருக்கு ஷன்ட் பொருத்தி, ஒரு பிரிவினருக்கு மட்டும் வால்வைத் திறந்துவைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களின் நடைவேகம் தெளிவாகக் கூடியது. நினைவாற்றலில் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை. நடை மீள்வதே பெரிய விடுதலை என்பேன்.

வீட்டுப் பெரியவருக்கு மறதியோடு நடையும் தளர்ந்தால், நரம்பியல் மருத்துவரிடம் "மூளையில் நீர் கோத்திருக்குமா?" என்று கேளுங்கள்.